பதினோராம் பக்கத்து நல்ல தண்ணி

மையத்தின் வரலாற்றைப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். மேடைப் பேச்சு எனக்கு வராது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். யார் எந்த ஆண்டு தலைவராக இருந்தார், யார் வந்து எந்தக் கட்டடத்தைத் திறந்தார் என்பதெல்லாம் வேண்டுமென்றால் நடைபாதைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். மூன்று படங்களில் நானும் இருக்கிறேன். கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்பது நான்தான்.

நான் எழுதப் போவது படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி. எங்கள் முதல் அறிக்கையின் பதினோராம் பக்கத்தைப் பற்றி.

நான் சேர்ந்தபோது எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. அப்போது இது மையமே அல்ல. பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இரண்டு அறை, ஒரு தட்டச்சு இயந்திரம், மழை பெய்தால் கிளம்ப மறுக்கும் ஒரு வேன், நான்கு பேர். உங்கள் அடையாள அட்டையில் இன்று பெரிதாக அச்சிட்டிருக்கும் 'நிலைத்தன்மை' என்ற சொல்லை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. கதவில் 'சுற்றுச்சூழல் ஆய்வுப் பிரிவு' என்றும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'தற்காலிகம்' என்றும் எழுதியிருந்தது. மூன்று ஆண்டு பார்ப்பார்கள். பிரயோசனம் இருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அறைகள் இரண்டும் வேதியியல்காரர்களுக்கே திரும்பிப் போய்விடும். எண்பதுகளில் 'மையம்' ஆனோம். தொண்ணூறுகளில் இப்போதிருக்கும் நீளப் பெயர் வந்தது. முதல் மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது.

எங்கள் தலைவர் கெடா மாநிலத்தில் நெல் வயல்காரக் குடும்பத்தில் பிறந்த மலாய்க்காரர். எங்கேயும் தன் பெயரை எழுதக் கூடாது என்று ஓய்வு பெறும்போது என்னிடம் கேட்டுக்கொண்டார், ஆகவே டாக்டர் என்றே சொல்கிறேன். பொறுமை கிடையாது. பால் விடாத ஒரு கோப்பி-ஓ குடித்து முடிப்பதற்குள் சொல்ல முடியாத எதையும் அவர் காது கொடுத்துக் கேட்க மாட்டார். ஆனால் கேட்ட ஒன்றைக்கூட மறக்கவும் மாட்டார்.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் என் தமிழ். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, அப்பா ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. பினாங்கில், ஜார்ஜ்டவுன் வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வந்தாலும் எங்களுக்குத் தமிழ் கட்டாயம். பள்ளியில் தமிழ்ப் பரிசுகள் எல்லாம் எனக்குத்தான். அதில் எனக்கு இருந்த பெருமையைக் கொஞ்சம் நஞ்சமென்று சொல்ல முடியாது. பாசாரில் யாராவது 'ழ'வை விழுங்கினால் நின்று திருத்திவிட்டுத்தான் மீன் வாங்குவேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை பெருநிலத்தில், அதாவது கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே பல கம்பத்துக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அப்போது குழாய்த் தண்ணீர் போகவில்லை. யாருக்கு முதலில் குழாய் இழுப்பது, யாருக்கு அப்புறம் என்று முடிவு செய்ய ஒரு குழு இருந்தது. மக்கள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, கிணறுகளைச் சோதித்து, வரிசைப்படுத்தித் தரும் பொறுப்பு எங்களுடையது. நாங்கள் எழுதும் வரிசையில்தான் குழாய் போகும். அந்த வேலையைச் சரியாகச் செய்தால் கதவில் இருக்கும் 'தற்காலிகம்' அழிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேள்வித்தாளை மலாயில் டாக்டர் எழுதினார். தமிழில் நான் எழுதினேன். குடிக்கும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள். அவற்றுக்கு நான் வைத்த பெயர்கள்: நன்று, பரவாயில்லை, நன்றன்று. 'நன்றன்று' என்று எழுதிவிட்டு அதன் அழகை நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தமிழ் பேசும் தோட்டங்கள் மூன்று என் பங்குக்கு வந்தன. அவற்றில் ஒன்று பத்து காவான் பக்கம், கடலுக்குக் கிட்டே. பெயர் வேண்டாம். பாலம் வருவதற்கு முந்தைய காலம். காலையில் ஃபெர்ரியில் வேனை ஏற்றி, பட்டர்வொர்த்தில் இறக்கி, சிம்பாங் அம்பாட் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் வேலைக்காட்டுக்குப் போயிருப்பார்கள். மத்தியானம் அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து, வரிசை வீடுகளான லயத்து வாசல்களில் நின்று கேட்பேன்.

பாக்கியத்தை அங்கேதான் முதலில் பார்த்தேன். எண்ணெய்க்கான செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. வயது முப்பது இருக்கும், என்னைவிட இரண்டு மூன்று கூட. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நான் தாளைப் பார்த்து, "தாங்கள் அருந்தும் நீர் எத்தகையது?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார்.

"தண்ணியா மிஸ்? நல்ல தண்ணிதான்."

அவர் பெயர் போட்ட தாளில் 'நன்று' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கீழே 'குறை ஏதுமில்லை' என்று எழுதினேன். அடுத்த வீடு. "நல்ல தண்ணி மிஸ்." கோடு. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியவர், "இந்தத் தோட்டத்துலயே நல்ல தண்ணிக் கிணறு நம்ப லயத்துதான்" என்று பெருமையாகவே சொன்னார். அவருக்கும் ஒரு கோடு. நாற்பது வீடு, ஒரே பதில். எனக்கு அன்று நல்ல மகிழ்ச்சி. பாவப்பட்ட சனங்கள், தண்ணீராவது நன்றாகக் கிடைக்கிறதே என்று திரும்பி வரும்போது ஃபெர்ரியில் நின்று நினைத்தேன்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். சோதித்தோம். ஆனால் எங்களிடம் இருந்த போத்தல்களும் ஆட்களும் குறைவு, ஆகவே மக்கள் குறை சொன்ன இடங்களிலிருந்து மட்டும் தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். நன்று என்று சொன்ன கிணற்றுக்கு எதற்குப் போத்தல்? அந்தத் தோட்டத்துக் கிணற்றில் நாங்கள் போத்தலையே இறக்கவில்லை. அறிக்கையின் பதினோராம் பக்கத்துப் பட்டியலில் அது கடைசியிலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போனது. என்னுடைய மற்ற இரண்டு தோட்டங்களிலும் இதே பதில்தான்; ஒன்று கடைசி இடத்துக்கும் இன்னொன்று இதற்குச் சற்று மேலேயும் போயின.

அறிக்கை தயாராகி, பிரதிகள் எடுத்து, அட்டை போட்டுக் கட்டியும் முடித்தோம். அதைக் குழுவின் முன் வைக்க வேண்டிய நாள் தைப்பூசம் கழிந்து இரண்டாவது நாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகாமல் பினாங்கில் எந்தத் தமிழர் வீட்டில் இருப்பார்? நானும் போனேன். காவடிகளுக்கு வழிவிட்டு, உடைந்த தேங்காய்ச் சில்லுகளை மிதித்துக்கொண்டு, ஒரு தண்ணீர்ப் பந்தலில் போய் நின்றேன். அங்கே பந்தல்காரர் ஒருவரோடு ஒரு பெண் வாதாடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தோம்பு.

"மோரு வேணாம்ணே, சிரப்பும் வேணாம். அந்தப் பைப்புத் தண்ணிய இதுல புடிச்சிக்கிறேன், அவ்ளோதான்."

"இங்க குடிக்கத்தான்மா குடுக்கிறோம், தோம்புல அள்ளிட்டுப் போனா எப்படிலா?"

பார்த்தால் பாக்கியம். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. பந்தல்காரரைச் சமாதானம் செய்து தோம்பை நிரப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, இவ்வளவு தூரம் பஸ்ஸிலும் ஃபெர்ரியிலும் இதைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்களா என்று கேட்டேன். பேச்சில் எனக்கும் கொஞ்சம் இறங்கி வரத் தெரியும்.

"எதுக்குக்கா இவ்ளோ கஷ்டம்?"

"சின்னவனுக்கு மிஸ். எங்க தண்ணி அவனுக்கு ஒத்துக்கல. வாரத்துல நாலு நாளு வயித்தால போகுது. பெரிய பொண்ணுக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"காய்ச்சிக் குடுக்கறதில்லையா?"

"காய்ச்சித்தான் குடுக்கறேன். விடியறதுக்குள்ள பெரட்டுக்குப் பேர் குடுக்க ஓடணும், எல்லா நாளும் முடியுதா? சூசாதான் மிஸ், பெரும்பாடு. மழ பேஞ்சா கக்கூசுத் தண்ணியும் கெணத்துத் தண்ணியும் ஒண்ணாயிடும்."

"நீங்கதானே எங்கிட்ட நல்ல தண்ணின்னு சொன்னீங்க?" என்றேன். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்திருக்கும்.

"ஆமா மிஸ். நல்ல தண்ணிதான்." எனக்கு ஏன் இது புரியவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. "உப்புத் தண்ணி இல்லையே! அடுத்த டிவிசன்ல கெணறு பூரா உப்பு. வாயில வைக்க முடியாது. எங்களுது நல்ல தண்ணி."

கடலோரத்தில் கிணறு வெட்டிக் குடிக்கும் சனங்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று உப்புத் தண்ணி, இன்னொன்று நல்ல தண்ணி. உப்பில்லை என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள். நாற்பது வீட்டாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நாற்பதையும் பொய்யாக்கியது நான். அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார். "எங்கட ஊரிலயும் நல்ல தண்ணிக் கிணறு எண்டுதானே சொல்லுவினம். நீ பைப்புத் தண்ணியில வளந்தனீ, உனக்கெங்க தெரியப்போகுது?" என்றார். தமிழ்ப் பரிசுகள் வைத்திருந்த அலமாரி அவருக்குப் பின்னால்தான் இருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தாள்களை என்னைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தத் தவறு உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. திறந்தால் எங்கள் முதல் அறிக்கையே சந்தி சிரித்துவிடும், 'தற்காலிகம்' என்பது நாளைக்கே 'முடிந்தது' ஆகிவிடும். வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நன்றாகவே பயந்தேன்.

மறுநாள் காலையில் டாக்டர் வரும் முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொள்வது என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு குறுக்கு வழி யோசித்து வைத்திருந்தேன். அவர் கோப்பி-ஓவோடு வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலமும் பாதி மலாயும், தமிழில் தருகிறேன்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கு மட்டும்தான், டாக்டர்."

கோப்பியை அப்படியே வைத்துவிட்டார். நான் என் குறுக்கு வழியைச் சொன்னேன். அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி தட்டச்சு செய்துவிடலாம். மூன்று தோட்டங்களையும் 'நன்று' என்பதிலிருந்து 'நன்றன்று'க்கு மாற்றி, பட்டியலில் மேலே தூக்கிவிடலாம். மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். யாருக்கும் தெரியாது, தோட்டத்துக்கும் குழாய் போய்விடும்.

"மூன்று தோட்டத்திலும் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, சிக் ஈஸ்வரி?" என்று என்னைக் கேட்டார். சிக் என்றால் மலாயில் மிஸ்.

"ஒன்றில் தெரியும்."

"ஒன்றில் ஒரு தாய் சொன்னது தெரியும். மற்ற முப்பத்தொன்பது வீட்டில்?"

"தெரியாது."

"நேற்றுவரை தெரியாமல் தவறாக எழுதினீர்கள். இன்றைக்குத் தெரிந்தே தவறாக எழுதச் சொல்கிறீர்கள். நீங்கள் இவர்களை மேலே தூக்கினால் யாரோ கீழே போவார்கள். அந்தக் கம்பத்துக்காரர்களிடம் போய் யார் சொல்வது, நீங்களா?"

"அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி, டாக்டர்?" என்று கத்திவிட்டேன். மேலதிகாரியிடம் நான் குரல் உயர்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் கோபப்படவில்லை. "எனக்கும் தெரியவில்லை லா," என்றார்.

மறுநாள் குழுவின் முன்னால் அவர் எழுந்து நின்றார். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே சொன்னார்: "பதினோராம் பக்கத்தில் மூன்று தோட்டங்கள் இருக்கின்றன. அந்த மூன்றையும் பற்றி எழுதியிருப்பது தவறு. அங்கே மக்கள் சொன்னதை நாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. தயவுசெய்து அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்." இவர்தான் என்று அவர் என்னைக் காட்டவில்லை. நாங்கள் என்றார்.

"அப்படியானால் அந்த மூன்றும் எந்த இடத்தில் வர வேண்டும்?" என்று தலைமை வகித்தவர் கேட்டார்.

"இன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கொடுத்தால் சொல்கிறேன்."

"தெரியாததைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாதே."

அவர் கேட்டதும் நியாயம்தான். மூன்று தோட்டங்களையும் நீக்கிவிட்டு மீதிப் பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். விட்டுப்போனவை அடுத்த சுற்றில் பார்க்கப்படும் என்று எழுதினார்கள். முன்பு பாக்கியத்தின் லயம் பட்டியலில் கடைசிக்குப் பக்கத்திலாவது இருந்தது. நாங்கள் உண்மையைச் சொன்ன பிறகு அது பட்டியலிலேயே இல்லை.

உண்மை பேசினால் எல்லாம் நன்றாக முடியும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். அன்றைக்கு அப்படி முடியவில்லை. நான் சொன்னபடி தாளை மாற்றியிருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரமே குழாய்த் தண்ணீர் கிடைத்திருக்கும். பிறகு போத்தல் இறக்கிப் பார்த்தபோது மூன்று தோட்டங்களில் இரண்டில் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை, மூன்றாவதில் எந்தக் குறையும் இல்லை. டாக்டர் சொன்னது சரி என்பது அப்போது தெரிந்தது. இருந்தும் எனக்கு இன்றுவரை முழுச் சமாதானம் வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். பாக்கியம் அப்போதுதான் வேலைக்காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். வாசல்படியில் உட்கார்ந்து அவருடைய பெயர் போட்ட தாளை எடுத்தேன். என்ன நடந்தது, யாரால் நடந்தது, இந்தச் சுற்றில் குழாய் வராது என்பதை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என் பேருல என்னா எழுதியிருக்கீங்க, படிங்க."

"அருந்தும் நீர் நன்று. குறை ஏதுமில்லை."

"கொற இல்லன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லல. நானா எழுதினேன்."

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் இங்கதானே இருந்தேன் மிஸ். எழுதுனத ஒரு தடவ எனக்குப் படிச்சுக் காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல?"

எத்தனையோ படித்த நாங்கள் நான்கு பேரும் ஒரு தடவைகூட அதை யோசிக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். இந்த முறை கட்டங்கள் இல்லை, வெறும் கோடுகள்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் அவரே, "இப்பப் படிங்க," என்றார்.

"உப்பு இல்லை. எனினும் என் பிள்ளைக்குக் காய்ச்சாமல்..."

"'எனினும்'னு நான் சொல்லலியே."

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடி வாசித்தேன். "உப்பு கெடையாது. ஆனா எம்புள்ளைக்குக் காய்ச்சாமக் குடுக்க மாட்டேன்."

"ஆங். இதான் நான் சொன்னது."

உங்கள் களப்பணிக் கையேட்டில் நான்காவது விதி இருக்கிறதே, பதிலை எழுதி முடித்ததும் சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று? அதனால் வேலை இரண்டு மடங்கு ஆகிறது, வெளிநாட்டில் இப்படி யாரும் செய்வதில்லை என்று நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏதோ கருத்தரங்கில் யாரோ பேராசிரியர் சொன்ன முறை என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கிய பாக்கியம் போட்ட விதி. அன்றைக்கு மற்ற முப்பத்தொன்பது வீடுகளுக்கும் அப்படித்தான் வாசித்துக் காட்டினேன். ஏழு பேர் என்னைத் திருத்தினார்கள்.

இரண்டாவது அறிக்கையில் டாக்டர் பட்டியலுக்கு மேலே பாக்கியத்தின் அந்த ஒரு வரியை அவர் சொன்னபடியே தமிழில் போடச் சொன்னார். தட்டச்சு இயந்திரத்தில் தமிழ் எழுத்து கிடையாது. ஒவ்வொரு பிரதியிலும் நானே கையால் எழுதினேன். கீழே மலாயில் அதன் அர்த்தம். ஆய்வறிக்கையில் இப்படி எழுதுவார்களா என்று பலரும் கேட்டார்கள். ஆனால் குழுவில் அதை வாசித்த பிறகு யாரும் அந்தத் தோட்டத்தின் இடத்தைப் பற்றி வாதாடவில்லை. எங்கள் கதவிலிருந்து 'தற்காலிகம்' அழிந்ததும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

வேலை தொடங்க நாளாகி, குழாய் போய்ச் சேர மேலும் நாளாகி, இரண்டு தைப்பூசம் கழிந்துவிட்டது. லயத்தில் குழாய் திறந்த நாளில் நான் போயிருந்தேன். பாக்கியத்தின் வீட்டு வாசலில் வேறு யாரோ நின்று குடம் நிரப்பினார்கள். சின்னவனை மூன்றாம் தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது, புருஷனுக்குப் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததாம் என்று சொன்னார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. பொங்கலும் சுண்டலும் கொடுத்தார்கள், வாங்காமல் கிளம்பிவிட்டேன்.

விலாசம் கேட்டு மாக் மண்டினுக்குப் போனேன். ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. பையன் வாசலில் ஓடிக்கொண்டிருந்தான். மெலிவுதான், ஆனால் ஓடினான். பாக்கியம் என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தோட்டத்துக்குக் குழாய் வந்துவிட்டதையும், அவர் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் வந்தது என்பதையும் சொன்னேன். நாங்கள் தாமதித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். பேசி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அழவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. பரவாயில்லை என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்? யார் யார் வீட்டில் குழாய் வைத்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார். நான் தெரிந்தவரை சொன்னேன். பிறகு கேட்டார்:

"அந்த மொதத் தாளு, கொற இல்லன்னு எழுதுனது, கிழிச்சிட்டீங்களா மிஸ்?"

"இல்ல. கிழிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபீஸ்ல ஃபைல்லயே இருக்கு."

அவர் முகம் மாறியது. "எம்பேருல ஒரு பொய் அங்க கெடக்குது, இல்ல?"

"உங்க பேர அடிச்சிட்டேன். 'இத இவங்க சொல்லல, நானா எழுதினேன்'னு எழுதி, கீழ எம்பேரப் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"முழுப் பேரா?"

"முழுப் பேரு."

பாக்கியம் எழுந்து அடுப்படிக்குப் போனார். "அப்ப இருக்கட்டும்," என்றார்.